மூளையில் திரளும் புரதம்: வைரஸுக்குப் பங்கு உண்டா?

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2013 செப்டம்பர் 1 அன்று முதியோருக்கான அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. யாருக்குப் போடுவது என்பதற்குப் பிறந்த தேதியை வரம்பாக வைத்தார்கள். 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்கு ஊசி கிடைத்தது. ஒரே ஒரு நாள் முன்னதாகப் பிறந்திருந்தாலும் 80 வயது ஆகிவிட்டது என்று மறுத்துவிட்டார்கள். பிறகும் கிடைக்கவில்லை.

நிர்வாக வசதிக்காக வைத்த இந்த வரம்பு, அறிவியலுக்கு அரிய வாய்ப்பாக அமைந்தது. சில வாரங்கள் முன்பின்னாகப் பிறந்தவர்களுக்கிடையே உணவிலோ படிப்பிலோ வருமானத்திலோ பெரிய வேறுபாடு இருக்க வழியில்லை. ஊசி போடும் தகுதி மட்டுமே வேறுபாடு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் கெல்ட்செட்சர் குழுவினர் இவர்களுடைய மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டு, 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டனர். ஏழு ஆண்டுகளில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் வருவது சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. பெண்களிடம் இந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது.

அக்கி தோலில் கொப்புளமாக வெடிக்கும் நோய். அதைத் தடுக்கும் ஊசி மூளையை எப்படிக் காக்கும்?

விடை தேட 1906-க்குப் போக வேண்டும். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், நினைவிழந்து இறந்துபோன தன் நோயாளியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நரம்பு செல்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கேறிய இழைகளையும் கண்டார். வெளியே இருப்பது அமைலாய்டு பீட்டா, உள்ளே இருப்பது டௌ என்பது பல பத்தாண்டுகள் கழித்துத் தெரிந்தது. இரண்டும் ஆரோக்கியமான உடலிலும் இருக்கும் புரதங்களே. புரதம் வேலை செய்ய அதற்குரிய வடிவம் தேவை. வடிவம் பிறழ்ந்த மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு இழையாக நீள்கின்றன. தானாக அடுக்குவது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் ஒரு சிறு திரள் உருவாகிவிட்டால், பாலில் விட்ட உறைமோர் போல, அருகில் இருக்கும் நல்ல புரதத்தையும் அது தன் போக்குக்கு இழுத்துவிடுகிறது.

அந்த முதல் துளி எங்கிருந்து வருகிறது? சில நேரங்களில் வைரஸிடமிருந்து வரலாம் என்பதற்கு ஆய்வகத்தில் வலுவான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த காரீம் எஸ்ஸாத் குழுவினர் 2019-இல் காட்டியது இது: வைரஸ் உடலுக்குள் வந்ததும் அதன் மேற்பரப்பில் உடலின் புரதங்கள் வந்து போர்த்திக்கொள்கின்றன. உதட்டோரக் கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸின் மேற்பரப்பில் அப்படி ஒட்டிய அமைலாய்டு, வழக்கத்தைவிட வேகமாக இழையாகத் திரண்டது. வைரஸ் இங்கே ஒரு மேடை மட்டுமே.

அமெரிக்காவின் ராபர்ட் மோயரும் ருடால்ஃப் டான்ஸியும் இன்னும் துணிச்சலான கருத்தை முன்வைத்தார்கள். அமைலாய்டு வெறும் குப்பை அல்ல, கிருமிகளைப் பிடித்துச் சிறைவைக்க மூளை வீசும் வலை என்றார்கள். 2018-இல் அவர்கள் செய்த சோதனையில், மனித அமைலாய்டு சுரக்கும்படி மாற்றப்பட்ட எலிகள் ஹெர்பிஸ் மூளைத் தொற்றை மற்ற எலிகளைவிட நன்றாகத் தாங்கின. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் மிகவும் சிந்திக்க வைக்கும் கருத்து இதுதான். காப்பாற்ற வந்த ஒன்றே, அளவு மீறியும் அகற்றப்படாமலும் தங்கிவிட்டால் அழிவாகிறது.

மூன்றாவது வழியும் உண்டு. இன்ஃப்ளூயன்சா வைரஸ், செல்லின் கழிவகற்றும் ஏற்பாட்டையே முடக்குகிறது. ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் ஆய்வாளர்கள் 2020-இல் எச்1என்1 வகை இன்ஃப்ளூயன்சா வைரஸ் தொற்றிய நரம்பு செல்களில், பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய ஆல்ஃபா சைனூக்ளின் புரதம் திரள்வதைக் கண்டனர்.

ஹெர்பிஸ் பற்றிய சந்தேகம் புதிதல்ல. மான்செஸ்டரின் ரூத் இட்ஸாகி 1991-லேயே முதியோரின் மூளையில் இந்த வைரஸின் மரபுப் பொருளைக் கண்டறிந்தார். மறதி நோய் இல்லாதவர்களின் மூளையிலும் அது இருந்ததால் பலர் ஏற்கவில்லை. 1997-இல் அவர் அடுத்த படியைக் காட்டினார்: வைரஸும் ஏபிஓஇ4 என்ற மரபணு வகையும் சேர்ந்திருப்பவர்களுக்கே ஆபத்து அதிகம். ஆனாலும் நீண்ட காலம் அவர் ஏறக்குறையத் தனியாகவே வாதாடினார்.

அக்கிக்கும் மறதிக்கும் இடையிலான முடிச்சும் அவர் பங்கேற்ற ஆய்வு ஒன்றில்தான் அவிழத் தொடங்கியது. சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ், அம்மை இறங்கிய பின்பும் நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடந்து, முதுமையில் அக்கியாக வெளிப்படுகிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2022-இல் இந்த வைரஸை, வளர்த்தெடுத்த நரம்புத் திசுவில் செலுத்திப் பார்த்தார்கள். அமைலாய்டும் டௌவும் சேரவில்லை. ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருந்த திசுவில் சின்னம்மை வைரஸைச் செலுத்தியபோது, ஹெர்பிஸ் விழித்துக்கொண்டது. இரண்டு புரதங்களும் சேரத் தொடங்கின. ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் உலகில் பெரும்பாலானோர் உடலில் உள்ளது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அக்கி வைரஸ் ஹெர்பிஸை எழுப்புவது வேல்ஸ் முடிவுக்கு ஒரு விளக்கமாக இருக்கலாம். தடுப்பூசி நோய் எதிர்ப்பு மண்டலத்தையே பொதுவாகச் சீர்செய்திருக்கவும் கூடும்.

அப்படியானால் வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்து அல்சைமர் பெயரில் வழங்கும் மறதி நோயை நிறுத்திவிடலாமா? அமெரிக்காவில் ஹெர்பிஸ் தொற்று இருந்த, தொடக்கநிலை நோயாளிகள் 120 பேரிடம் 78 வாரங்கள் வேலசைக்ளோவிர் மருந்தைச் சோதித்தார்கள். 2025-இல் வெளியான முடிவு ஏமாற்றமே: மருந்து நோய் முற்றுவதைத் தடுக்கவில்லை. தயிர் உறைந்த பிறகு உறைமோரைத் தேடி எடுப்பதில் பயனில்லை என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். திரள்கள் அறிகுறிகளுக்குப் பல ஆண்டுகள் முன்பே உருவாகத் தொடங்குகின்றன. வைரஸ் மட்டுமே காரணம் என்று சொல்ல யாருக்கும் இன்று ஆதாரம் இல்லை. வயதும் மரபணுவும் ரத்தக் குழாய்களின் நலமும் கூடவே நிற்கின்றன.

ஆனால் அக்கியை அலட்சியம் செய்யாதிருக்க இந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் அக்கிக்குக் காவி எழுதிக்கொண்டு பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் நன்றாக வேலை செய்வது கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான். அந்த நாட்களைத் தவறவிடாதீர்கள். 50 வயதைக் கடந்தவர்களுக்கான இரண்டு தவணைத் தடுப்பூசி இந்தியாவிலும் கிடைக்கிறது. மறதி நோயைத் தடுக்கும் என்ற வாக்குறுதியோடு யாராவது அதை விற்றால் நம்பாதீர்கள். அக்கியையும், அது ஆறிய பிறகு மாதக்கணக்கில் வாட்டும் நரம்பு வலியையும் தடுப்பதற்காக, உங்கள் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.