மீன் பெயர் மட்டும் சொல்லக்கூடாது

சாலை விபத்து நடந்து 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. விசைப்படகு மீனவர் ஊரான ஜெகதாப்பட்டினம் பக்கமிருந்து வரும் கடிதங்களில் இந்தக் கெடுவைப் பற்றித்தான் குழப்பம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தலையில் அடிபட்ட ஒருவரை ‘ஸ்கேன் நார்மல், லேசான காயம்’ என்று மருத்துவமனையில் அனுப்பிவிட்டார்கள். ஆள் பழைய ஆளாக இல்லை. அதைக் கெடுவுக்குள் எதைக் காட்டி நிரூபிப்பது?

‘லேசான’ என்பது, கண் திறந்தாரா, பேசினாரா, சொன்னபடி கையை அசைத்தாரா என்று அன்றைக்குப் பார்த்துப் போட்ட மதிப்பெண். 15-க்கு 13 வந்தாலே லேசானதுதான். மூன்று மாதம் கழித்துப் படகின் ஐஸ், டீசல் கணக்குப் பார்ப்பாரா என்பது அதில் தெரியாது. முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை அரசு பெருமையாகச் சொல்கிறது. உயிர் பிழைப்பது உண்மை. பிழைத்தவர் யோசிக்கும் விதம் அந்தக் கணக்கில் வராது.

அதைக் காட்டும் சோதனைகளில் ஒன்று ஒரே நிமிடம்தான்: “விலங்குகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே போங்கள்.” பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மீன், பறவை, பாம்பு சேராது. எத்தனை பெயர் என்பதைவிட எப்படித் தாவுகிறார் என்பதுதான் சூட்சுமம். ஆடு, மாடு, நாய் என்று வீட்டைச் சுற்றிவிட்டு, அது தீர்ந்ததும் சிங்கம், புலி என்று காட்டுக்குள் போகிறோமே, அதற்கு நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி முக்கியம். அங்கே அடிபட்டவர் ஆடு, மாடு, மறுபடி ஆடு என்று நிற்கலாம். விலக்கிய பெயரையே சொல்லவும் செய்யலாம்.

விசைப்படகுக்காரரிடம் இதைக் கேட்டால்? காரல், நகரை, வாளை, திருக்கை என்று அவருக்கு நுனிநாக்கில் இருப்பதெல்லாம் தள்ளுபடி. வாய் தவறி ‘சுறா’ என்றால் அது மூளைக் கோளாறா, தொழில் பழக்கமா? ஒப்பிடும் அளவுகள் வயது, பாலினம், படிப்பு பார்த்துப் பிரித்தவை; தொழில் பார்த்து அல்ல. நல்ல உளவியலாளர் இந்த ஒரு நிமிடத்தை மட்டும் நம்பி எழுதமாட்டார். மீன் பெயர்களுக்கு இன்னொரு சுற்று வைக்கும்படி குடும்பத்தார் கேட்கலாம். மதிப்பெண்ணில் சேராது, குறிப்பில் சேரும்.

இந்தச் சோதனையை யார் செய்வார்? இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர்.

எப்போது? காயத்தை ஒட்டிய மறதியும் குழப்பமும் தெளிந்த பிறகு.

படகில் விழுந்தவருக்கு? மோட்டார் வாகனச் சட்டம் பொருந்தாது. மீன்வளத் துறை அலுவலகத்தில் விபத்துக் காப்பீடு பற்றிக் கேளுங்கள்.

ஆறு மாதக் கெடு? அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அந்த வழக்கை நம்பி உட்கார வேண்டாம். மனுவை முதலில் போடுங்கள், சோதனை அறிக்கையை விசாரணையின்போது சேர்க்கலாம்.