நீதிபதியும் நன்றிக்கடனும்

துலாக்கோலின் நா ஒருபால் சாயாதிருத்தலே நீதிக்கு அழகு. அக்கோலைப் பிடித்த கை பிறர்க்குக் கடன்பட்டிருப்பின் என்னாகும்? அமெரிக்க நாட்டு வழக்கொன்று இவ்வினாவை எழுப்பியதை நாம் அறிதல் நலம்.

அந்நாட்டின் கூட்டரசு நீதிபதிகளைச் செனட் அவையின் இசைவுடன் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். மாநிலங்கள் பலவற்றிலோ மக்களே வாக்களித்து நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். தேர்தல் உண்டெனில் செலவும் உண்டு. செலவு உண்டெனில் கொடுப்போரும் உண்டன்றோ!

மேற்கு வர்ஜீனியாவில் மாஸி நிலக்கரி நிறுவனம் 5 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டுமென 2002-இல் ஜூரிகள் முடிவளித்தனர். மேல்முறையீடு வரவிருந்த நிலையில், 2004-இல் மாநில உச்சநீதிமன்றத் தேர்தல் நடைபெற்றது. பிரென்ட் பெஞ்சமின் என்பாருக்கு ஆதரவாக அந்நிறுவனத் தலைவர் ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் செலவிட்டார். வென்ற பெஞ்சமின், அவ்வழக்கிலிருந்து விலக மறுத்தார். 3-க்கு 2 என்னும் கணக்கில் இழப்பீடு நீக்கப்பட்டது. அம்மூவருள் அவரும் ஒருவர்.

அவர் விலகியிருத்தல் வேண்டும் என 2009-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் 5-க்கு 4 எனத் தீர்ப்பளித்தது. நீதிபதியின் உள்ளம் கோடியதென மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. கோடுதற்குரிய பேரிடர் இருப்பின் அதுவே போதும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அவ்வாண்டே பெஞ்சமின் இன்றிக் கூடிய மாநில நீதிமன்றமும் 4-க்கு 1 என நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது! எனின், உச்சநீதிமன்றம் சென்றது வீணோ? அன்று. முடிவு மாறவில்லை, அதன்மேல் படிந்திருந்த கறை நீங்கிற்று. தோற்றவரும் ஐயுறாத தீர்ப்பே தீர்ப்பு என்பதை நாம் நெஞ்சிற் கொள்வோமாக.