வயர் சொருகினால்தான் சத்தம்: சின்ன மாடுலர் சிந்தசைசரில் தொடங்குவது எப்படி

மாடுலர் சிந்தசைசருக்கு மின்சாரம் கொடுத்து மேசையில் வைத்தால் பெரும்பாலும் ஒன்றும் கேட்காது. பழுது எதுவும் இல்லை. ஒலியை உண்டாக்கும் சுற்று, அதைச் செதுக்கும் சுற்று, அளவைக் கூட்டிக் குறைக்கும் சுற்று, எப்போது ஒலிக்க வேண்டும் என்று சொல்லும் சுற்று எல்லாம் அதற்குள் தனித்தனியே கிடக்கின்றன. அவற்றை வயரால் இணைப்பது வாசிப்பவரின் வேலை. சாதாரண கீபோர்டில் அந்த இணைப்புகளைத் தொழிற்சாலையிலேயே முடித்து மூடிவிடுகிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் புல்லாங்குழல், அடுத்ததை அழுத்தினால் வயலின். மாடுலரில் அப்படிப் பொத்தான் கிடையாது. புல்லாங்குழல் மாதிரி ஒன்று வேண்டுமென்றால், அந்த ஒலி எதனால் ஆனது என்று யோசித்து வயர் வயராகக் கட்டிக்கொண்டு வர வேண்டும்.

இந்த யோசனை அமெரிக்காவில் 1960களில் உருக்கொண்டது. கிழக்கே ராபர்ட் மூக், 1964 அக்டோபரில் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் மாநாட்டில் ‘மாட்யூல்’ எனப்படும் தன் தனித்தனிச் சுற்றுகளைக் காட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில் மேற்கே சான் பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டருக்காக டான் புக்லா இன்னொரு வகையை உருவாக்கிக்கொண்டிருந்தார். மூக்கின் கருவியில் பியானோ கட்டைகள் இருந்தன. புக்லா அவற்றை ஒதுக்கிவிட்டு விரல் பட்டால் உணரும் உலோகத் தகடுகளை வைத்தார். இந்தியாவும் அதிகம் பின்தங்கவில்லை. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு மூக் மாடுலர் வந்து இறங்கியது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அங்கே ஸ்டுடியோவை அமைத்துக் கொடுத்தார். அதில் பதிவான நாடாக்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அலமாரியில் தூங்கிய பிறகே வெளியுலகம் அவற்றைக் கேட்டது.

அந்தக் காலத்துக் கருவிகள் பீரோ அளவு. நிறுவனங்களும் பெரிய ஸ்டுடியோக்களும்தான் வாங்க முடியும். ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1995இல் ஏ-100 என்ற வரிசையைக் கொண்டுவந்தபோது அளவு சுருங்கியது. முகப்புத் தகட்டின் உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலம் 5.08 மில்லிமீட்டரின் மடங்குகள், மின்சாரம் கூட்டல் 12, கழித்தல் 12 வோல்ட், இணைப்புக்குப் பழைய செல்போன் இயர்போன் முனை அளவில் 3.5 மில்லிமீட்டர் பிளக். இந்த அளவுகளை மற்றவர்களும் பின்பற்றவே, ‘யூரோராக்’ என்ற பொது வழக்கமாக அது நிலைத்துவிட்டது. யாருடைய மாட்யூலையும் யாருடைய பெட்டியிலும் பொருத்தலாம். ஆனால் பெட்டி தனி, மின்வழங்கி தனி, ஒவ்வொரு மாட்யூலும் தனி என்பதால் செலவு சத்தமில்லாமல் ஏறும். முதல் சுரம் கேட்பதற்குள்ளேயே பணப்பை மெலிந்துவிடும்.

விலை எங்கே போகிறது என்று பார்த்தால், நல்ல பங்கு ஒலியில் இல்லை. பிளக் துளைகளிலும் அலுமினியத் தகட்டிலும் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டுதான் ‘டாஞ்சிபிள் வேவ்ஸ்’ என்ற ஜெர்மானியச் சிறு நிறுவனம் ஏஇ மாடுலரை உருவாக்கியது. பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் பிரெட்போர்டில் குத்துவார்களே, அந்த மெல்லிய ஜம்பர் வயர்தான் இதில் இணைப்பு. மின்சாரமும் வெறும் 5 வோல்ட். ஜப்பானின் கோர்க் 2019இல் வெளியிட்ட வோல்கா மாடுலரும் அதே ஊசி வயரைத்தான் நம்பியிருக்கிறது: 8 பிரிவுகள், 50 இணைப்புத் துளைகள், ஆறு பென்சில் பேட்டரி, கையில் தூக்கிப்போகும் அளவு. இது பாதி மாடுலர். உள்ளே ஓர் அடிப்படை இணைப்பு ஏற்கெனவே இருப்பதால் வயர் இல்லாமலும் ஒலிக்கும், வயர் குத்தினால் அந்த இணைப்பு மாறும். தொடங்குகிறவருக்கு இது பெரிய ஆறுதல். காசே செலவழிக்க விருப்பமில்லாதவர் கணினியில் விசிவி ராக் என்ற இலவச மென்பொருளில் இதே பாடங்களைப் படிக்கலாம். மவுஸால் குமிழைத் திருகுவதில் கைக்குக் கிடைக்கும் சுகம் இல்லை, அவ்வளவுதான்.

எதை வாங்கினாலும் முதல் பாடம் ஒன்றே. ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டரிலிருந்து ஒரு வயரை நேரே வெளியீட்டுக்குக் கொடுக்க வேண்டும். ‘ங்’ என்று நிற்காமல் ஒரு சுருதி ஒலிக்கும். மின் சுருதிப்பெட்டியின் ஒற்றைச் சுரம் போல, அதைவிடக் கரடாக. ஆஸிலேட்டரில் பொதுவாகச் சில அலைகள் கிடைக்கும். ரம்பப்பல் அலையில் எல்லா மேற்சுரங்களும் உண்டு: அடிப்படை 110 ஹெர்ட்ஸ் என்றால் 220 பாதி வலுவிலும், 330 மூன்றில் ஒரு பங்கு வலுவிலும், அப்படியே மேலே மேலே. சதுர அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும், 330, 550 என்று. அதனால்தான் அது கிளாரினெட் போல உள்ளீடற்று ஒலிக்கிறது. முக்கோண அலையிலும் ஒற்றைப்படைதான், ஆனால் அவை மிக வேகமாகத் தேய்ந்துவிடும், ஓசை மென்மை.

அடுத்து, அந்த வயரைப் பிடுங்கி இடையில் ஒலியைச் செதுக்கும் ஃபில்டரை நுழைக்க வேண்டும். குமிழை இடப்பக்கம் திருகத் திருக மேற்சுரங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, ஒலி கம்பளிக்குள் புகுந்ததுபோல் மங்கும். தம்புராவில் ஜீவா நூலைக் கொஞ்சம் நகர்த்தினால் நாதத்தின் மினுக்கம் மாறுவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. சுருதி அதேதான், மேற்சுரங்களின் பங்கு மட்டும் மாறுகிறது.

மாடுலரின் உயிர்நிலை இதற்குப் பிறகுதான் வருகிறது. ஃபில்டர் குமிழைக் கையால் திருகுவதற்குப் பதிலாக, வேறொரு மாட்யூலின் வோல்டேஜ் அதைத் திருகலாம். எல்எஃப்ஓ என்ற மெதுவான ஆஸிலேட்டரின் வெளியீட்டை ஃபில்டரின் கட்டுப்பாட்டுத் துளையில் சொருகினால், கண்ணுக்குத் தெரியாத ஒரு கை குமிழை விநாடிக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ ஆட்டுவது போலிருக்கும். என்வலப் என்ற மாட்யூலும் இப்படி ஒரு கைதான். ஆனால் அது தூண்டும்போது மட்டும் ஒரு முறை அசையும். வீணைத் தந்தியை மீட்டினால் ஒலி சட்டென்று எழுந்து மெல்லத் தேயும். நாதஸ்வரத்தில் மூச்சு இருக்கும்வரை நிற்கும். இந்த எழுச்சியையும் தேய்வையும் வோல்டேஜாக வரைந்து கொடுப்பது என்வலப். அதை விசிஏ என்ற அளவு மாட்யூலுக்குக் கொடுத்தால், நிற்காமல் ஓடிய ‘ங்’ தனித்தனிச் சுரங்களாக வெட்டுப்படும். எப்போது வெட்டுவது என்பதை ‘கேட்’ சொல்லும்: விரல் கட்டையில் இருக்கும்வரை வோல்டேஜ் மேலே, எடுத்தால் கீழே.

ஆஸிலேட்டர், ஃபில்டர், விசிஏ, என்வலப், எல்எஃப்ஓ. இந்த ஐந்தில் ஒரு மாதம் தாராளமாகப் போகும்.

அந்த மாதத்தில் தவறாமல் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எல்எஃப்ஓவை ஃபில்டரிலிருந்து எடுத்து ஆஸிலேட்டரின் சுருதித் துளையில் குத்த வேண்டும். விநாடிக்கு 6 அசைவு என்று வைத்தால் குரல் நடுங்குவது போன்ற அதிர்வு கேட்கும். வேகத்தை 10, 15 என்று ஏற்றினால் நடுக்கம் பதற்றமாகும். 20, 30ஐத் தாண்டும் இடத்தில் காது தோற்றுவிடுகிறது: ஆட்டத்தை ஆட்டமாக எண்ண முடியாமல், முற்றிலும் வேறொரு ஓசையாகக் கேட்கத் தொடங்குகிறது. 440 ஹெர்ட்ஸ் சுருதியை 100 ஹெர்ட்ஸில் ஆட்டினால் 340, 540, 240, 640 என்று இருபுறமும் புதிய அதிர்வெண்கள் முளைக்கின்றன. மணியோசைக்குப் பக்கத்தில் போகும் உலோகச் சத்தம். ஸ்டான்ஃபர்டில் ஜான் சவுனிங் 1967இல் கணினியில் அதிர்வைக் கூட்டிக்கொண்டே போனபோது கண்டது இதைத்தான். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டின் அடிப்படையும் இதுவே. தாளம், நடுக்கம், நாதம் மூன்றும் ஒரே அசைவின் வேறுவேறு வேகங்கள் என்பதை ஒரு குமிழைத் திருகிக் கேட்டுவிட முடிகிறது.

சுருதிக்கும் கணக்கு உண்டு. பரவலான வழக்கப்படி 1 வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏறும். 110 இருந்தால் 220, இன்னும் 1 வோல்ட் கூட்டினால் 440. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பங்கிட்டால் ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 83 மில்லிவோல்ட்தான். அவ்வளவு நுணுக்கம் என்பதால் அனலாக் ஆஸிலேட்டர் சூட்டுக்குச் சுருதி விலகும். போட்டு கால் மணி நேரம் கழித்துச் சுருதி சேர்ப்பது நல்லது. குவான்டைசர் என்ற மாட்யூல் வோல்டேஜை இழுத்துப் பன்னிரண்டு கட்டைக்குள் உட்கார வைக்கும். முதலில் வாங்கவேண்டியது இது என்று பலர் சொல்வார்கள். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர் அவசரப்பட வேண்டாம். வோல்டேஜ் இயல்பிலேயே வழுக்கக்கூடியது. ஸ்லூ என்ற எளிய மாட்யூல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குச் சாய்ந்து போகவைக்கும். ஜாருவுக்கு அது போதும், கமகத்துக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

தவறுகளைப் பொறுத்தவரை மாடுலர் தாராள மனசுக்காரர். வெளியீட்டை எந்த உள்ளீட்டில் குத்தினாலும் அதிகம் போனால் கர்ண கடூரமாகச் சத்தம் வரும், அவ்வளவுதான். இரண்டு வெளியீடுகளை நேருக்கு நேர் இணைப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். இரண்டு ஒலி சேர வேண்டுமென்றால் மிக்சர் வழியாக. யூரோராக்கில் மாட்யூலை மின்சாரத்தோடு சேர்க்கும் பட்டை வயரில் சிவப்புக் கோடு உள்ள பக்கம் கழித்தல் 12 வோல்ட். திருப்பிச் சொருகினால் மாட்யூல் கருகலாம், அதனால் மின்சாரத்தை அணைத்துவிட்டு இருமுறை பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது. வோல்கா மாடுலருக்குள் ஓடுவது 3.3 வோல்ட், ஏஇயில் 5 வோல்ட். யூரோராக்கின் வலுவான சமிக்ஞையை இவற்றில் நேரடியாகக் குத்தக் கூடாது, இடையில் அதற்கென்றுள்ள மாற்றி வேண்டும். யூரோராக்கின் வெளியீட்டில் நேரடியாக இயர்போனை மாட்டுவதும் கூடாது. அது ஆடியோ கருவிகளின் வழக்கமான அளவைவிடப் பல மடங்கு பலமானது. சேதம் முதலில் காதுக்குத்தான்.

அடுத்து என்ன வாங்குவது? கண்ணைப் பறிக்கும் இரண்டாவது ஆஸிலேட்டரை விட, இன்னொரு விசிஏவும், வோல்டேஜைக் குறைத்துத் தரும் அட்டெனுவேட்டரும்தான் அதிகம் உழைக்கும். எல்எஃப்ஓ முழு வலுவில் சுருதியை ஆட்டினால் ஆம்புலன்ஸ். பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் பாட்டு. பிறகு, படிப்படியாக வோல்டேஜ் தரும் சீக்வென்சர் ஒன்று. வோல்காவில் அது 16 படிகளோடு உள்ளேயே இருக்கிறது.

வயரால் கட்டிய ஒலியை எந்தப் பொத்தானும் நினைவில் வைக்காது. பிடுங்கினால் போயிற்று. பிடித்துப்போனால் உடனே ஒலியைப் பதிவு செய்து, போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். படத்தில் வயர்கள் குமிழ்களை மறைத்துவிடும் என்பதால் நோட்டில் ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு வட்டம் போட்டு, முள் நிற்கும் திசைக்கு ஒரு கோடு இழுத்து வைப்பது பழைய வழக்கம். மறுநாள் அதைப் பார்த்து அப்படியே கட்டினால் கிட்டத்தட்ட அதே ஒலி வரும்.