தராசுக்குத் தெரியாதது - 11: தையல் பிரியாது, நடக்கலாம்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறங்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு அல்ல, அதில் தசையும் சேர்ந்தே போகிறது என்று போன வாரம் பார்த்தோம். அந்தத் தசையை மீட்கும் எடைப் பயிற்சியைத்தான் இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகப் படிக்க உட்கார்ந்த இடத்தில் எமில் ரீஸ் என்ற சிகாகோ மருத்துவர் குறுக்கிட்டார். அவரைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் இரண்டு மூன்று வாரம் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்பது அன்றைய மருத்துவத்தில் எழுதப்படாத சட்டம். எழுந்தால் தையல் பிரிந்துவிடும் என்ற பயம். மகளிர் நோய் மருத்துவரான ரீஸ் தன் நோயாளிகளை ஓரிரு நாளிலேயே எழுப்பி உட்காரவைத்தார், நடக்கவிட்டார். நன்றாகத் தேறினார்கள். 1899இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அதை எழுதவும் செய்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிட்டத்தட்ட 40 வருடம்!

பிறகு டெட்ராய்ட் நகரத்தின் டேனியல் லைட்ஹவுசர் வந்தார். 1930களின் கடைசியில் அவரிடம் குடல்வால் அறுவை செய்துகொண்ட ஒருவர், படுத்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்து எழுந்து நடந்தார். சொன்ன பேச்சைக் கேட்காத அந்த நோயாளி வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் குணமானதைப் பார்த்த லைட்ஹவுசர், மற்றவர்களையும் நடக்கவைக்கத் தொடங்கினார். 1946இல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். இடையில் உலகப் போர் வேறு. கட்டில்களும் செவிலியர்களும் போதாத காலத்தில் நோயாளியை எழுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. எழுந்தவர்கள் பிழைத்தார்கள் என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

படுத்தே கிடப்பவரின் உடம்புக்குள் என்ன நடக்கிறது? கால் ரத்தநாளங்களில் ரத்தம் தேங்குகிறது, தேங்கிய ரத்தம் உறைகிறது. அந்தக் கட்டி கழன்று மேலே போய் நுரையீரலை அடைக்கிறது. நுரையீரலை அடைக்கும் கட்டி வேறெங்கோ உள்ள ரத்தநாளத்திலிருந்து மிதந்து வருவது என்பதை ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ஷோ 1840களிலேயே காட்டிவிட்டார். ரத்தம் தேங்குவதைத் தடுக்கும் வேலையைச் செய்வது நம் கெண்டைக்கால். ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அந்தத் தசை இறுகி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகிறது. ரத்தநாளத்துக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் அதைத் திரும்ப இறங்க விடுவதில்லை. இரண்டாவது இதயம் என்று மருத்துவர்கள் இதைச் சொல்வது பொருத்தம்தான். உடல் பருமனே ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டுவது. அதன் மேல் அறுவை சிகிச்சையும் சேர்கிறது. ஸ்லீவ், பைபாஸ் போன்ற எடைக் குறைப்பு அறுவைகளைச் செய்துகொண்டவர்களில் உயிரிழப்பு அரிது. ஆனால் நேரும்போது அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று இந்தக் கட்டிதான்.

சென்னையில் ஒரு வார்டில் பார்த்ததைச் சொல்கிறேன். காலையில் ஸ்லீவ் முடிந்த பெண்மணி. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்தாகிவிட்டது. மாலையில் செவிலியர் வந்து கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார். “அக்கா, கால மட்டும் தொங்கப் போடுங்க. தலை சுத்துதா?” “லேசா.” “அப்ப நிக்க வேணாம். பாதத்த மேலயும் கீழயும் ஆட்டுங்க.” கொஞ்ச நேரம் கழித்து, வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு அவர் எழுந்தார். மறுகை டிரிப்ஸ் ஸ்டாண்டில். கதவு வரை போய்த் திரும்பினார். கணவர் பதறிப்போய், “தையல் பிரிஞ்சிடாதா சிஸ்டர்?” என்றார். 1899இன் அதே பயம்! “படுத்தே இருந்தாத்தான் சார் பயம்” என்று சொல்லிவிட்டு, மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்து கருவியை எடுத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தார் செவிலியர். பலரும் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்துப் பந்தை மேலே ஏற்ற வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகும் முதல் பயிற்சி நடைதான். ஒரே மூச்சில் அரை மணி நேரம் வேண்டாம். ஐந்து பத்து நிமிடமாக, நாளில் பல தடவை. வாரம் போகப் போகக் கூட்டிக்கொள்ளலாம். தோலில் தெரியும் துளைகள் சின்னவைதான். ஆனால் அவற்றுக்கு அடியில் வயிற்றுச் சுவரும் துளைக்கப்பட்டிருக்கிறது. அது ஆறுவதற்குள் பாரம் தூக்கினால் குடலிறக்கம் வரலாம். ஆகவே பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்காதீர்கள்: தண்ணீர்க் குடம், சிலிண்டர், ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் பேரக்குழந்தை. வயிற்றை மடக்கி எழும் பயிற்சியும் அதுவரை கூடாது. நீச்சலுக்குக் காயம் முழுதாக ஆற வேண்டும்.

தண்ணீர் விஷயம் பலருக்கும் பிடிபடுவதில்லை. நடந்து முடித்து மடக் மடக்கென்று அரை லிட்டர் குடித்த காலம் போய்விட்டது. சுருங்கிய இரைப்பை அதை வாங்காது. நாள் முழுவதும் வாய் வாயாகக் குடித்து ஒன்றரை லிட்டரையாவது எட்ட வேண்டும். நம் ஊர் வெயிலில் விடியற்காலை நடையே நல்லது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்: எடை இறங்க இறங்க மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும். பழைய அளவிலேயே மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தால் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ சட்டென்று தாழ்ந்து மயக்கம் வரும். அளவை மாற்றுவது உங்கள் மருத்துவரின் வேலை. அவரிடம் கேட்பது உங்கள் வேலை.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஸ்லீவுக்குப் பிறகு 22 கிலோ குறைந்துவிட்டது. ஆனால் வளைகாப்பு வீட்டில் தரையில் உட்கார்ந்தவரை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்ததாம். அம்மா, தராசு சந்தோஷப்பட்டிருக்கிறது, தொடை அழுதிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து உங்கள் பயிற்சி தொடங்குகிறது. நாளுக்கு 60 கிராமாவது புரதம் ஏன் வேண்டும் என்பதையும் சேர்த்து அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.

அதற்குள் இரண்டு விஷயம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஓய்வில் இருக்கும்போதே நாடி 120க்கு மேல் துடித்துக்கொண்டே இருந்தாலோ, அன்றைய நடையை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உடம்பு வலிக்கிறதென்று மருந்துக்கடையில் ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். குறிப்பாக பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு, இரைப்பையும் குடலும் இணையும் இடத்தில் அவை புண்ணை உண்டாக்கும். வலிக்கு எது போடலாம் என்று அறுவை செய்த மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.