வெளிச்சம் பட்டா பூஞ்சை காலி?!

ஐப்பசி அடைமழை. எங்க ஹாஸ்டல் ரூம் சுவரில் கறுப்பா ஒரு திட்டு. முதலில் இலங்கை சைஸ். தீபாவளி லீவ் முடிஞ்சு வந்தா, ஆஸ்திரேலியா! ‘மாடர்ன் ஆர்ட்டுடா’னு கலாய்ச்சிட்டு இருந்தோம். ராத்திரி ரெண்டு மணிக்கு ரூம்மேட்டுக்கு வீசிங் வந்து, இன்ஹேலரைத் தேடி எல்லாப் பெட்டியையும் கவிழ்த்தோமே... அன்னிக்கு நின்னுச்சு சிரிப்பு.

அது பூஞ்சை. மேலேயே பெயின்ட் அடிச்சுட்டுப் போனாங்க. மூணே வாரத்தில் பூஞ்சை மறுபடி ஆஜர்!

‘‘டைட்டானியம் டை ஆக்ஸைடு பூசு மச்சி. வெளிச்சம் பட்டா செத்துடும்’’ என்று கெமிக்கல் டிபார்ட்மென்ட் நண்பன் கொளுத்திப் போட, லைப்ரரிக்கு ஓடினேன்.

விஷயம் நிஜம்தான் மக்களே! 1972-ல் ஜப்பானின் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும், இந்தப் பொருள் மேல் ஒளி பட்டால் தண்ணீரே பிரிகிறது என்று எழுதினார்கள். 1985-ல் தடாஷி மட்சுனாகா குழு, பிளாட்டினம் சேர்த்த அதே பொடியால் பாக்டீரியாவையும் ஈஸ்ட்டையும் கொன்று காட்டியது. ஈஸ்ட்டும் பூஞ்சைக் குடும்பம்தான்!

எப்படி? சுமார் 388 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும், பொடிக்குள் ஒரு எலெக்ட்ரான் துள்ளி எழும். அது விட்டுப்போன காலியிடம், ஈரத்திலிருந்து ஹைட்ராக்ஸில் ரேடிகலை உருவாக்கும். அது பயங்கரப் பசிக்காரன். பூஞ்சையின் செல்சுவரையே கடித்துக் குதறும். பொடியோ செலவாகாது. வினையூக்கி ஆச்சே!

அப்போ வெள்ளை பெயின்ட்டிலும் இதே பொடிதானே, அது ஏன் கொல்லலை? பெயின்ட் பொடிக்கு சிலிக்கா, அலுமினா கோட்டிங் போட்டு அடக்கி வைப்பார்கள். இல்லாட்டி அது பெயின்ட்டையே தின்னுடும்!

இன்னும் சிக்கல் இருக்கு. சூரிய ஒளியிலேயே புற ஊதா சுமார் 5 சதவிகிதம்தான். எல்.இ.டி. பல்பில் கிட்டத்தட்ட பூஜ்யம். நம்ம வில்லனோ கட்டிலுக்குப் பின்னாடி இருட்டில் குடித்தனம் நடத்துறான். அதிலும் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் மாதிரி கறுப்புப் பூஞ்சையின் வித்துக்களுக்குத் தடித்த தோல், மெலனின் கவசம் வேற. பாக்டீரியாவைவிட ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கும். சாதாரண வெளிச்சத்திலேயே வேலை செய்யவைக்க, நைட்ரஜன் கலந்த பொடியை 2001-ல் ஜப்பானியர்கள் அறிவித்தார்கள். ஆராய்ச்சி இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

இதையெல்லாம் படிச்சப்போதான் உறைச்சது. பொடி பூஞ்சையைக் கொல்லும், சரி. ஈரத்தை யார் நிறுத்துவது? ஈரம் இருக்கும்வரை புது வித்து வந்து உட்காரும்.

கட்டிலை நகர்த்தினோம். ஜன்னலைத் திறந்தோம். மாடியே கையெழுத்துப் போட்டு லெட்டர் கொடுத்தோம். சுவருக்குப் பின்னாடி பாத்ரூம் பைப் ஒழுகியதைப் பிளம்பர் கண்டுபிடிச்சார்!

இப்போ சுவர் காய்ஞ்சிருக்கு. ரூம்மேட் குறட்டை விட்டுத் தூங்குறான். இந்தக் குறட்டைக்கு ஏதாச்சும் கேட்டலிஸ்ட் இருக்கா பாஸ்?