அமெரிக்கா போகும் அம்மாவுக்கு ஒரு பாலிஸி

பெண்ணுக்கு அமெரிக்காவில் பிரசவம். மாப்பிள்ளை டிக்கெட் எடுத்துவிட்டார். விஸாவும் கைக்கு வந்துவிட்டது. இனி அம்மாவுக்கு மூட்டை கட்டுவதுதான் வேலை. பிரசவ லேகியம், வசம்பு, கண்டந்திப்பிலி, பருப்புப் பொடி, பிறக்கப் போகும் குழந்தைக்கு வெள்ளி அரைஞாண் என்று பெட்டி நிரம்புகிறது. தராசில் நிறுத்து, கனம் ஜாஸ்தி என்று இரண்டை எடுத்து, மனசு கேட்காமல் மறுபடி ஒன்றைத் திணித்து, ஒரு வாரமாக வீடே அமர்க்களப்படுகிறது. இதற்கு நடுவில் பெண் டெலிபோனில் ஒரு வார்த்தை சொல்கிறாள்: "அம்மா, உனக்கும் அப்பாவுக்கும் இன்ஷூரன்ஸ் போட்டாச்சு. பேப்பர் அனுப்பியிருக்கேன், படிச்சுப் பாரு."

அம்மா படிப்பதில்லை. அப்பா படிக்க ஆரம்பித்து, இரண்டாவது பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாற்பது பக்கம், எழுத்தோ எள்ளுப் போல. ஆனால் அந்த எள்ளுக்குள்தான் எண்ணெய் இருக்கிறது. ஆகவே, நேயர்களே, அவருக்குப் பதிலாக நாம் கொஞ்சம் படித்துப் பார்ப்போம்.

முதலில், இந்த இன்ஷூரன்ஸ் எதற்கு? நம் ஊரில் மார்பு வலித்தால் தெருக்கோடி டாக்டரிடம் ஓடுகிறோம். அவர் கைகாட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். செலவு ஆகிறது, எப்படியோ சமாளிக்கிறோம். அமெரிக்காவிலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986-லிருந்து சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் வைத்தியம் பார்த்த பிறகு பில் வராமல் இருக்காது. அந்தப் பில்லைப் பார்த்தால் சரியான மார்பு மறுபடி வலிக்கும்! அறுபத்தைந்து வயதானவர்களுக்கு அந்நாட்டு அரசாங்கம் நடத்தும் மெடிகேர் திட்டம் விருந்தாளியாகப் போகிறவர்களுக்குக் கிடையாது. பெண்ணின் ஆபீஸ் இன்ஷூரன்ஸில் கணவனையும் குழந்தையையும் சேர்க்கலாம். பெற்றோரைச் சேர்க்கப் பெரும்பாலும் வழியில்லை. நம் ஊரில் வருஷா வருஷம் பணம் கட்டி வரும் மருத்துவ பாலிஸியோ, அநேகமாக இந்திய எல்லையோடு நின்றுவிடும். ஆக, பிரயாண பாலிஸி இல்லையென்றால் பில் நேராகப் பெண், மாப்பிள்ளை தலையில்தான் விழும். பிரசவச் செலவோடு இதுவும்!

"அதுதான் போட்டாகிவிட்டதே" என்கிறீர்களா? என்ன மாதிரி பாலிஸி என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்காவில் விருந்தாளிகளுக்கு விற்கும் பாலிஸிகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில், இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவு டாலர் என்று கம்பெனி முன்கூட்டியே பட்டியல் போட்டிருக்கும். ஆஸ்பத்திரி எவ்வளவு கேட்டாலும் பட்டியலில் உள்ளதுதான் கிடைக்கும். அவசரப் பிரிவில் 3,000 டாலர் பில் ஆனது, பட்டியலில் 300 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி 2,700 நம்முடையது. மாதம் முழுவதற்கும் மளிகைக்கு நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, "வீட்டுச் செலவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் கணவரைப் போல!

இன்னொரு ஜாதி, மொத்தப் பில்லில் பங்கு கொடுக்கும். முதல் 250 டாலர் உங்களுடையது, அதற்கு மேல் நூற்றுக்கு எண்பது எங்களுடையது என்பது போல ஒப்பந்தம் இருக்கும். அதே 3,000 டாலர் பில்லில் 250 போக 2,750. அதில் கம்பெனி 2,200 கொடுக்கும். நம் பங்கு மொத்தம் 800. குறிப்பிட்ட ஒரு தொகையைத் தாண்டிவிட்டால் மிச்சம் முழுவதையும் கம்பெனியே ஏற்கும் பாலிஸிகளும் உண்டு. பிரீமியம் முதல் ஜாதியை விட ஜாஸ்திதான். இருந்தாலும் அறுபதைத் தாண்டியவர்களை அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் இதில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது என்பதே என் அபிப்பிராயம். நம் ஊர்க் கம்பெனிகள் விற்கும் வெளிநாட்டுப் பிரயாண பாலிஸிகளிலும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். "ஒரு லட்சம் டாலர்" என்று அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே, வயதானவர்களுக்கு அறை வாடகைக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று தனித்தனி வரம்பு போட்டிருப்பார்கள். அட்டையை விட அந்த வரம்புகள்தான் முக்கியம்.

இனி, பெரிய விஷயத்துக்கு வருவோம். அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாக ஸர்க்கரை. அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. நம் வீடுகளில் இவற்றை வியாதியாகவே யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. "உடம்புக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் ஷுகர்தான்" என்று காபியில் ஸர்க்கரையைக் குறைத்துக்கொண்டு போய்விடுவோம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அப்படி இல்லை. பாலிஸி எடுப்பதற்கு முன்பே இருக்கும் வியாதிகளை அது தனியாகப் பிரித்து வைத்து, "இவற்றால் வரும் செலவு எங்களைச் சேர்ந்ததல்ல" என்று ஒரு வரி எழுதிவிடும். பெரும்பாலான தகராறுகள் இந்த ஒரு வரியில்தான் பிறக்கின்றன.

ஆனால் கதவு முழுவதும் மூடியிருப்பதில்லை. ஒரு சின்னத் திட்டிவாசல் உண்டு. அமெரிக்க பாலிஸிகளில் அதை 'அக்யூட் ஆன்ஸெட்' என்கிறார்கள். பழைய வியாதி, எந்த முன்னறிகுறியும் இல்லாமல், திடீரென்று கடுமையாகத் தாக்கினால், அதற்கான அவசர சிகிச்சைச் செலவைக் கொடுப்போம் என்பது பொருள். இதற்கும் நிபந்தனைகள் உண்டு. சாதாரணமாக, தாக்கிய 24 மணி நேரத்துக்குள் வைத்தியம் ஆரம்பித்திருக்க வேண்டும். ரத்தக் கொதிப்பு உள்ள அப்பா, சாப்பிட்டுவிட்டு எழுந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், உடனே ஆம்புலன்ஸில் கொண்டு போனார்கள் என்றால் வழி உண்டு. "நாலு நாளாகவே ஒரு மாதிரி இருந்தது; பெண்ணுக்கு எதற்குத் தொந்தரவு என்று சொல்லவில்லை" என்றால் வழி அடைபடுகிறது. நம் அம்மாக்கள் இரண்டாவது ரகம் என்பதுதான் கவலை! பல பாலிஸிகளில் இந்தச் சலுகை எழுபது வயதோடு நின்றுவிடுகிறது. நம் ஊர் பாலிஸிகளிலும், பழைய வியாதிக்கு உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் உதவி, அதுவும் அந்த அம்சத்தைச் சேர்த்து வாங்கியிருந்தால்தான், என்று இருப்பது வழக்கம்.

"வியாதி இருப்பதையே சொல்லாவிட்டால்?" என்று யாராவது யோசனை சொல்வார்கள். சொல்கிறவர் உறவினராகவே இருப்பார். கேட்காதீர்கள். அமெரிக்க ஆஸ்பத்திரியில் சேர்த்தவுடன் நர்ஸம்மா முதலில் கேட்பது, "என்னென்ன வியாதி, எத்தனை வருஷமாக, என்ன மாத்திரை?" என்பதைத்தான். உயிர் போகிற நேரத்தில் யார் பொய் சொல்லப் போகிறார்கள்? "பன்னிரண்டு வருஷமாக ஸர்க்கரை" என்று அம்மாவே சொல்வாள். அது நோட்டில் ஏறும். பணம் கேட்டு மனுப் போட்டால் கம்பெனி கேட்கும் முதல் காகிதமும் அந்த நோட்டுதான். மறைத்தது தெரிந்தால், சம்பந்தமில்லாத கால் முறிவுக்குக்கூடக் கையை விரிக்க இடம் கொடுத்தவர்கள் ஆவோம்.

இன்னும் சில விஷயங்கள் எந்த பாலிஸியிலும் அநேகமாகச் சேராதவை. தினசரி மாத்திரை, கண்ணாடி மாற்றுவது, சும்மா ஒரு பரிசோதனை. பல் விஷயத்தில், திடீர் வலிக்கு ஒரு சிறு தொகையோடு சரி. ஆகையால் ஆடும் பல்லை இங்கேயே பிடுங்கிக்கொண்டு புறப்படுவது உத்தமம். தங்கும் மாதங்கள் முழுவதற்கும் மாத்திரையை, டாக்டர் சீட்டோடு, கைப்பையிலேயே எடுத்துப் போக வேண்டும். கர்ப்பமும் பிரசவமும் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கின்றன. அம்மா அங்கே போவதற்குப் பதிலாகப் பெண் ஏழாம் மாதம் இங்கே வருவதாக இருந்தால், அவள் எடுக்கும் சாதாரணப் பிரயாண பாலிஸி பிரசவத்துக்கு உதவும் என்று நினைத்துவிடாதீர்கள். மது அருந்திய நிலையில் வந்த விபத்தும் சேராது. இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டலாம்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வாய் கூசினாலும் சொல்கிறேன். போன இடத்தில் ஒருவர் காலமாகிவிட்டால், உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவைப் பெரும்பாலான பாலிஸிகள் ஒரு வரம்புக்குள் ஏற்கின்றன. அந்தத் துக்கத்தின் நடுவில் பணத்துக்கு அலைவது எப்பேர்ப்பட்ட கொடுமை! ஐரோப்பாவில் ஷெங்கன் நாடுகளுக்கு விஸா கேட்கிறவர்களிடம் குறைந்தது 30,000 யூரோவுக்கு இன்ஷூரன்ஸ் கேட்கிறார்களே, அது அவசர சிகிச்சைக்கு மட்டுமல்ல; இதற்கும் சேர்த்துத்தான். அமெரிக்கா விருந்தாளிகளிடம் அப்படி எதுவும் கேட்பதில்லை. கேட்காத இடத்தில்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது.

பெட்டி விஷயத்துக்கு வருவோம். விமானக் கம்பெனி பெட்டியைத் தொலைத்துவிட்டால், சர்வதேசப் பிரயாணங்களில் மான்ட்ரீல் உடன்படிக்கைப்படி நஷ்ட ஈடு கேட்கலாம். இந்தியா 2009-ல் இதில் சேர்ந்தது. உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், ஒரு பிரயாணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது சர்வதேச நிதி நிறுவனத்தின் கணக்குப் பணம். ஒன்று ஒரு டாலருக்குச் சற்று மேலே இருக்கும். பெட்டி சேதமாகியிருந்தால் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அங்குள்ள காரியாலயத்தில் ஒரு புகார்ச் சீட்டு வாங்கிவிடுவது அவசியம். அது இல்லாமல் இன்ஷூரன்ஸ்காரரும் பேச மாட்டார்.

பெண்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: நகையும் ரொக்கமும் பொதுவாக இந்த இன்ஷூரன்ஸில் சேருவதில்லை. காப்புக்கும் சங்கிலிக்கும் பெட்டிக்குள் பட்டுப்புடவை மடிப்பில் இடம் தேடாதீர்கள். பெட்டி தாமதமாகும்போது பாலிஸி கொடுப்பதும் மாற்றுத் துணி, சோப்பு போன்ற அவசியச் சாமான்களுக்குத்தான். அதுவும் ரசீது இருந்தால். பல பாலிஸிகளில் போகும்போது மட்டும் இந்தச் சலுகை. ஊர் திரும்பும்போது இல்லை. வீட்டில் மாற்றுப்புடவை இருக்காதா என்ற எண்ணம் போலும்!

பிரயாணத்தையே ரத்து செய்தால்? பாலிஸியில் எழுதியிருக்கும் காரணங்களுக்கு மட்டும் பணம் வரும். பிரயாணிக்குக் கடும் நோய், நெருங்கிய குடும்பத்தில் மரணம் போன்றவை அவை. மனசு மாறிவிட்டது, ஜோஸியர் நாள் சரியில்லை என்றார், வாசலில் பூனை குறுக்கே போயிற்று என்பதெல்லாம் பட்டியலில் இல்லை. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கிண்டியில் வண்டி மாட்டிக்கொண்டது என்பதும் சாதாரணமாக இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையத்தையே சில நாட்கள் மூடினார்கள் அல்லவா? அந்த மாதிரி எதிர்பாராத ஆபத்துக்கு உதவும் பாலிஸிகள் உண்டு. ஆனால் புயல் வருகிறது என்று பத்திரிகையில் படித்த பிறகு வாங்கினால் பிரயோஜனமில்லை.

வெளிநாடு போகாதவர்களுக்கும் ஒரு பிரயாண இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ரயில் டிக்கெட்டை இணையத்தில் வாங்கும்போது "வேண்டுமா?" என்று ஒரு கேள்வி வருமே, அதுதான். 2016 செப்டம்பரில் தொடங்கியபோது 92 காசு. இப்போது 45 காசு. 1849-ல் லண்டனில் 'ரயில்வே பாஸஞ்சர்ஸ் அஷ்யூரன்ஸ்' என்ற கம்பெனி, பிரயாணத்தின்போது நேரும் விபத்துக்கு ஸ்டேஷனிலேயே இன்ஷூரன்ஸ் விற்றது. முதல் வகுப்புக்காரருக்கு ஒரு தொகை, மூன்றாம் வகுப்புக்காரருக்கு அதைவிடக் குறைவு. நம் ரயிலில் அந்த வித்தியாசம் இல்லை, ஏ.ஸி.யில் போனாலும் ஸ்லீப்பரில் போனாலும் உயிரிழப்புக்கு 10 லட்சம், காயத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவாக 2 லட்சம் வரை. ரயில் விபத்து, கொள்ளை, கலவரம், வண்டியிலிருந்து தவறி விழுதல் ஆகியவை சேரும். ஓடும் ரயிலில் வரும் மாரடைப்பு சேராது. திருட்டுப் போன பெட்டியும் சேராது. வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவருக்கும், கவுண்டரில் டிக்கெட் வாங்கியவருக்கும் இது கிடையாது.

2023 ஜூன் 2-ம் தேதி, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிஸாவில் பாலாசோர் அருகே விபத்துக்குள்ளாகி, 290-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முன்பதிவில்லாத பெட்டிகளில் இருந்தவர்களுக்கு இந்த 45 காசு இன்ஷூரன்ஸ் இருக்க வழியில்லை. ஆனால் ரயில்வே சட்டப்படி, இப்படிப்பட்ட விபத்தில் மாண்ட டிக்கெட் பிரயாணி யாராக இருந்தாலும் 8 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கேட்கக் குடும்பத்துக்கு உரிமை உண்டு. அதற்கென்று ரயில்வே டிரிப்யூனல் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் இதற்கு மேல் கிடைப்பது. 45 காசு கட்டியவுடன் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து ஒரு செய்தி வரும். வாரிசு பெயரைப் பதியச் சொல்லும். அநேகம் பேர் விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். பெயர் இல்லாவிட்டால், சட்டப்படி வாரிசு யார் என்று காகிதம் சேர்க்கும் அலைச்சல் வீட்டுப் பெண்களுக்குத்தான்.

நம் ஊர்க் கம்பெனி நியாயமில்லாமல் பணம் மறுத்தால் போகவும் ஓர் இடம் இருக்கிறது. முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் மனுக் கொடுக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். சென்னையிலேயே அவருக்கு அலுவலகம் இருக்கிறது. மாப்பிள்ளை அமெரிக்கக் கம்பெனியிடம் வாங்கிய பாலிஸி மட்டும் இவர் அதிகாரத்துக்குள் வராது. அந்தச் சண்டையை அந்த ஊரிலேயே, அந்த ஊர் ராஜ்ய அரசாங்கத்தின் இன்ஷூரன்ஸ் இலாகாவிடம் முறையிட்டுத்தான் போட வேண்டும்.