தடா அருவிக்குப் போறீங்களா? மலையைப் பார்த்து காலை வையுங்க!

சென்னை,
ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். தோளில் பை, கையில் புளிசாதப் பொட்டலத்தோடு ஒரு கூட்டம் சூலூர்பேட்டை மின்சார ரெயிலுக்குக் காத்து நிற்கிறது.

எங்கே பயணம்? தடா அருவிக்கு!

ஆந்திர எல்லைக்குள் இருக்கும் இதன் சொந்தப் பெயர் உப்பலமடுகு. சென்னையில் இருந்து சுமார் 80 கிலோ மீட்டர். தடா ஸ்டேஷனில் இறங்கி மேற்கே மலையடிவாரம் போகவேண்டும்.

அதற்குமேல் காலே துணை. ஓடையை ஒட்டிப் பாறைக்குப் பாறை ஏறவேண்டும். சில இடங்களில் கையையும் ஊன்ற வேண்டும். ஏறி முடித்து அருவியைப் பார்த்தால் களைப்பு பறந்துவிடும்!

குட்டையில் ஆபத்து

"மெரீனாவிலேயே நீந்தினவன்டா நான்" என்று வழியில் குட்டைகளில் குதித்த வாலிபர்கள் பிணமாகத் திரும்பியது உண்டு. அடியில் பாறை இடுக்கு. ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

மழை இன்னொரு எமன். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலைமேல் பெய்த மழை திடீரென்று ஓடையில் பாய்ந்து வரும்.

தண்ணீர் கலங்குகிறதா? சருகு மிதந்து வருகிறதா? இரைச்சல் கூடுகிறதா? ஓடையைத் தாண்டப் பார்க்காதீர்கள். பையை விட்டுவிட்டு, நிற்கிற கரையிலேயே மேட்டில் ஏறுங்கள். வெள்ளம் வடியட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் அருவி அழகு, ஆபத்தும் அதிகம். வனத்துறையினர் "இன்னிக்கு வேண்டாம்" என்றால் தகராறு பண்ணாமல் திரும்புங்கள். பாசிப் பாறையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.

அருவி எங்கேயும் ஓடிப்போகாது. திங்கட்கிழமை ஆபீசில் உங்கள் நாற்காலி காலியாக இருக்கலாமா?